கிளிச்சாமிக்கு வராத குரல்

"யோகா ஆபத்துங்களா, இல்லீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சாமி."

வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் சென்னியப்பன்.

கிளிச்சாமி தென்னை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு வெள்ளாட்டின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடும் அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மே...ஏ..." என்றார் கிளிச்சாமி.

"மே...ஏ..." என்றது ஆடு.

"பாத்தியா சென்னி? என்னைவிடச் சுதி சுத்தம்."

சென்னியப்பன் சிரிக்கவில்லை.

பவானி ஆற்றங்கரையில் அந்தத் தோப்புக்குக் கிளிச்சாமி எப்போது வந்தார், அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், அது அவருடையதாகிவிடும். காக்கா, கண்டக்டர், கலெக்டர், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனார் எல்லாரும் அவர் தொண்டைக்குள்தான் குடியிருந்தார்கள். இடுப்புப் பிடித்தவர்களும் முழங்கால் வீங்கியவர்களும் தூக்கம் தொலைத்தவர்களும் அவரைத் தேடி வருவார்கள். ஆசனம் சொல்லிக்கொடுத்து அனுப்புவார். அவரிடம் மூன்று வருஷம் இருந்து கற்றுக்கொண்டவர் சென்னியப்பன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஆனாலும் ஒருவர் சாமி, ஒருவர் சீடன்.

இப்போது சீடனுக்குக் கோபி டவுனில் சொந்தமாக வகுப்பு இருந்தது. ஊரில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள்.

"பதில் சொல்லுங்க சாமி."

கிளிச்சாமி தொண்டையைச் செருமினார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறவனின் குரல் வந்தது.

"பொதுமக்களே! முதுகுவலியா? மூட்டுவலியா? கழுத்தைத் திருப்ப முடியலையா? மருந்து இல்லை! கத்தி இல்லை! பக்கவிளைவு இல்லை, இல்லை, இல்லவே இல்லை! வாரீர், வாரீர், மாஸ்டர் சென்னியப்பனின்..."

"போதுங்க."

"நீ அடிச்ச நோட்டீஸ்தானே?"

"நான் அடிச்சதுதானுங்க."

"நான் குரல் மட்டும்தான் குடுத்தேன். வசனம் உன்னது."

இன்னொரு நாளாக இருந்தால் சென்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். இன்று உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவ்வளவுதான்.

கிளிச்சாமி அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தார். துண்டால் சுற்றி, அக்குளுக்குள் இடுக்கி வைத்திருந்தார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"அடி பட்டுதா?"

"பட்டுது. எனக்கில்லீங்க."

*

ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மயிலாத்தாள்னு ஒரு அம்மாங்க. அறுபது வயசிருக்கும். முதுகுவலின்னு வகுப்புக்கு வந்தாங்க. ஒரு நாள் தவற மாட்டாங்க. போன மாசம் பச்சிமோத்தானாசனம் சொல்லிக்குடுத்தேன்."

"காலை நீட்டி உக்காந்து, குனிஞ்சு, பாதத்தைப் பிடிக்கிறது."

"அதேதானுங்க. எல்லாரும் பிடிச்சுட்டாங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு சாண் எட்டலை. நான் பின்னால போயி, முதுகுல கையை வச்சு..."

அதற்கு மேல் வரவில்லை.

விட்ட இடத்திலிருந்து கிளிச்சாமி எடுத்துக்கொண்டார். அவர் ஒரு நாளும் அந்த வகுப்புக்கு வந்ததில்லை. ஆனால் வந்த குரல் சென்னியப்பனுடைய குரல். தேன் தடவி, இழுத்து இழுத்து, ஒலிவாங்கிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற குரல்.

"மூச்சை மெதுவா வெளிய விடுங்க... உடம்பைத் தளர்த்துங்க... இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் குனிங்க... முகத்துல ஒரு புன்னகை..."

ஆடு திரும்பிப் பார்த்தது.

"வேண்டாம் சாமி!" சென்னியப்பன் இடது கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். இன்னொரு காதைப் பொத்த வலது கையை வெளியே எடுக்கவில்லை.

"அப்புறம்?"

"ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. பிஸ்கட்டை உடைச்சாப்புல. எங்க வகுப்புல ஊசி விழுந்தாக் கேக்கும். எல்லாருக்கும் கேட்டுச்சு."

உலகத்தில் கிளிச்சாமிக்கு வராத சத்தம் கிடையாது. அந்தச் சத்தத்தை அவர் போட்டுப் பார்க்கவில்லை.

"அந்தம்மா கத்தினாங்களா?"

"இல்லீங்க."

"அழுதாங்களா?"

"கண்ணுல தண்ணி வந்துச்சு. சத்தம் வரலை. நான் 'மெதுவா நிமிருங்க'ன்னு சொன்னேன். நிமிரலை. மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல இருந்தவங்க குனிஞ்ச குனி மாறாம அப்படியே இருந்தாங்க. நான் இன்னும் எழச் சொல்லலையே."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சென்னியப்பனும் மூன்று வருஷம் கிளிச்சாமி கூட இருந்தவர்தானே. தன்னையறியாமல் அந்த எலும்பு டாக்டரின் மூக்குக் குரலிலேயே சொன்னார்.

"'ஏன் சார், இந்தம்மா மூச்சு இழுப்புக்கு வருசக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை முழுங்கியிருக்காங்க. எலும்பெல்லாம் ரஸ்க் மாதிரி ஆகிக் கிடக்கு. முதுகெலும்புல ஒரு கட்டை நசுங்கிப் போச்சு. இவங்களை இப்படிக் குனிய வைக்கலாமா? அது பத்தாதுன்னு மேல ஏறி அமுக்க வேற செய்யலாமா? சேக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுத் தொலைக்க மாட்டீங்களா?'"

"நல்லா வருது குரல்," என்றார் கிளிச்சாமி. பாராட்டுகிற முகம் இல்லை அது.

"கூன் விழுந்தது விழுந்ததுதானாம். இனி நேரா நின்னு மேல அண்ணாந்து பாக்க முடியாதாம். வலி போனாலும் வளைவு போகாதாம்."

"மத்தவங்க என்ன சொல்றாங்க? உன் வகுப்பு ஆளுங்க?"

"தினமும் போன்ல பேசி அனுப்பறாங்க." சென்னியப்பன் ஒவ்வொரு குரலாகப் போட்டார். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜரின் கரகரப்பு. "'மாஸ்டர், ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகறது சகஜம். மனசை விட்டுராதீங்க.'" பள்ளிக்கூட டீச்சரின் படபடப்பு. "'அவங்க வயசுக்கு வீட்டுல வழுக்கி விழுந்திருந்தாலும் இதேதான் மாஸ்டர் ஆயிருக்கும்! நீங்க எதுக்குங்க வருத்தப்படறீங்க?'" ஜவுளிக்கடைக்காரரின் இழுவை. "'யோகாவுல தப்பே கெடையாதுங்க மாஸ்டரு. செய்யறவங்க ஒடம்புலதான் தப்பு.'"

"எல்லாரும் நல்லவங்க," என்றார் கிளிச்சாமி.

"ஆமாங்க."

"நீ போய்ப் பாத்தியா, அந்தம்மாளை?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்ததோட சரிங்க. அன்னையோட வகுப்பையும் நிறுத்திட்டேன். அவங்களைப் போய்ப் பாக்கக் காலு போகலை. ஆனா அவங்க வூட்டுக்காரர் வந்தார். நாச்சிமுத்துன்னு பேரு. கையில ஒரு பை இருந்துச்சு. கல்லுதான் எடுத்துக்கிட்டு வந்திருக்கார்னு நெனச்சேன். பை நிறைய எலுமிச்சம்பழம். தோட்டத்துல காய்ச்சதாம். வச்சுட்டு, 'வகுப்பை எப்பங்க திறப்பீங்க? மயிலா கேட்டுட்டு வரச் சொன்னா'ன்னார்."

சொல்லிவிட்டு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் வந்தேன் சாமி. நீங்க ஆபத்தில்லைன்னு சொன்னா நாளைக்கே திறக்கறேன். ஆபத்துன்னு சொன்னா பூட்டிச் சாவியை ஆத்துல வீசிட்டு மளிகைக்கடையில மூட்டை தூக்கப் போறேன். எதுவா இருந்தாலும் இந்தக் கையை இனி ஒரு முதுகு மேல வைக்க மாட்டேன். சொல்லுங்க. ஆபத்தா, இல்லையா?"

கிளிச்சாமி தாடையைச் சொறிந்தார்.

"ஆட்டைப் பிடி," என்றார்.

*

"என்னுங்க?"

"காலையில இருந்து நொண்டுது. முன்னங்கால்ல முள்ளு. எங்க ஏறியிருக்குன்னு தெரியலை. பாரு."

"நான் தொட மாட்டேனுங்க."

"அட, ஆட்டுக்கு ஆசனமா சொல்லிக்குடுக்கப் போறே? காலைத்தான் பாக்கச் சொல்றேன்."

"இந்தக் கை..."

"அப்ப இடது கையாலப் பாரு. எனக்குக் கண்ணு மங்கல். ஆட்டுக்குக் கை இல்லை. உன்னை விட்டா ஆளில்லை."

சென்னியப்பன் மண்டியிட்டார். இடது கையால் குளம்பைப் பிடித்தார். ஒரு கையில் நிற்கவில்லை, ஆடு திமிறியது. கொஞ்சம் தயங்கி, துண்டை அவிழ்த்தார். வலது கை வெளியே வந்தது. பெருவிரலைக் குளம்பின் நடுவில் வைத்து மெல்ல அழுத்தினார்.

தோப்பே கிடுகிடுக்கிற மாதிரி ஆடு கத்தியது.

சென்னியப்பன் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏன் எடுத்துட்டே?"

"கத்துதுங்களே!"

"ஓ," என்றார் கிளிச்சாமி.

சென்னியப்பன் மறுபடியும் விரலை வைத்தார். இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி. ஆடு சும்மா இருந்தது. இன்னும் தள்ளி. காதை மட்டும் ஆட்டியது. திரும்ப நடுவுக்கு வந்தார். கத்தல்.

"இங்கதானுங்க. குளம்பு பிளவுக்குள்ள."

"நல்லாப் பாரு, அங்கதானா?"

"அங்கதானுங்க. இதுதான் சொல்லுதே."

கிளிச்சாமி வேட்டி மடிப்பிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக் கொடுத்தார். கறுத்த வேலமுள் ஒன்று வெளியே வந்தது. ஆடு மூன்று அடி நடந்து பார்த்தது. காலை ஊன்றிப் பார்த்தது. பிறகு திரும்பி நின்று இருவரையும் பார்த்து நீளமாக ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனது.

"ஆட்டுக்கு வைத்தியம் பாக்கறது சுலபம்," என்றார் கிளிச்சாமி. "எந்த வகுப்புலயும் சேராத ஜீவன்."

சென்னியப்பன் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

"சரி, உன் கேள்விக்கு வருவோம்," என்று கிளிச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஆபத்தா, இல்லையா. இதை என்கிட்ட எதுக்குக் கேக்கறே? எனக்கு என்ன முதுகா நசுங்கிப் போச்சு? அந்தம்மாகிட்டயே கேட்டுருவோம்."

"எப்படிங்க?"

"நான் அவங்களாப் பேசறேன். நீ கேள்வி கேளு."

இது சென்னியப்பனுக்குப் புதிதில்லை. அந்தத் தோப்புக்கு யார் வந்தாலும் கிளிச்சாமி முதலில் ஒரு பாயைப் போட்டு உட்காரவைத்து, பேசு என்பார். மாட்டைப் பற்றிப் பேசு, மருமகளைப் பற்றிப் பேசு, என்ன மாத்திரை தின்கிறாய், எந்தப் பக்கம் படுக்கிறாய், எதைத் தூக்கினால் உயிர் போகிறது, எல்லாம் பேசு. மர நிழல் பாயை விட்டு நகர்ந்து போகிற வரைக்கும் பேச விடுவார். பிறகு அவர்கள் பேசியதை அவர்கள் குரலிலேயே திருப்பிப் பேசிக் காட்டுவார். அவர்களுக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் அவருக்கும் வாங்கும். அவர்கள் வலியை மறைத்துச் சிரிக்கிற இடத்தில் அவரும் சிரிப்பார். எதிரில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிலர் நடுவில் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "ஆமாஞ்சாமி, அப்படித்தான்" என்று அழுவார்கள். அப்புறம்தான் கிளிச்சாமி அவர்களைத் தொடுவார். சிலரைத் தொடாமலே, "உனக்கு இது ஆகாது, வைத்தியர்கிட்டப் போ" என்று அனுப்பிவிடுவார்.

சென்னியப்பன் அந்த நாட்களில் மரத்தில் சாய்ந்து நின்று கொட்டாவி விடுவார். இந்த விளையாட்டெல்லாம் எப்போது முடியும், ஆசனம் எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருப்பார். கோபியில் சொந்த வகுப்பு தொடங்கியபோது ஆசனங்களை ஒன்று விடாமல் எடுத்துப் போனார். விளையாட்டை விட்டுவிட்டார். சுவரில் ஒரு பலகை மாட்டினார். 'மௌனம். ஆசனத்தில் பேச்சு கூடாது.' அந்த அமைதிக்காகவே கூட்டம் வந்தது. கோயில்கூட இப்படி இருக்காது மாஸ்டர் என்றார்கள்.

"குரலைக் குடு," என்றார் கிளிச்சாமி. "கீச்சுக் குரலா? கட்டைக் குரலா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

மயிலாத்தாளின் குதிகால் வெடிப்பு அவருக்குத் தெரியும். ஓரம் கிழிந்த நீலப் பாய் தெரியும். ஜாக்கெட்டின் முதுகில் இருந்த தையல் தெரியும். கொண்டையில் எப்போதும் ஒரு ஊசி துருத்திக்கொண்டிருக்கும், அதுவும் தெரியும்.

"மெல்லிசா..." என்றார். "இல்லீங்க. மெல்லிசு இல்லை."

"இப்படியா?" கிளிச்சாமி ஒரு நூல் குரலை எடுத்தார். "'மாஸ்டருங்க, கும்பிடறேனுங்க.'"

"தெரியலீங்க."

"இப்படியா?" வெற்றிலை போட்ட தடித்த குரல். "'என்னுங்க மாஸ்டரே, இன்னிக்கு லேட்டுங்களா?'"

"தெரியலீங்க சாமி."

"இழுப்பு இருக்குன்னியே. அப்ப நடுநடுவுல நின்னு வருமோ? 'மாஸ்... மாஸ்டர்... கொஞ்சம் இருங்க...'"

"தெரியலீங்க."

"எத்தனை நாளா வர்றாங்க?"

"ரெண்டு வருசமுங்க."

"ரெண்டு வருசமா!"

அது கிளிச்சாமியின் சொந்தக் குரல். அதைக் கேட்பது அபூர்வம். சென்னியப்பனே இரண்டொரு தடவைதான் கேட்டிருக்கிறார்.

"மேனேஜர் குரல் வந்துச்சு உனக்கு. டீச்சர் வந்துச்சு. ஜவுளிக்கடை வந்துச்சு. ஒரு தடவை பாத்த டாக்டர்கூட மூக்கோட வந்தார். இவங்க ரெண்டு வருசமா வர்றாங்க. ஒரு வார்த்தை வரலையா?"

"அவங்ககிட்டப் பேசி அனுப்பற போன் இல்லீங்க."

சொன்ன பிறகுதான், அது எவ்வளவு கேவலமான பதில் என்று சென்னியப்பனுக்கே உறைத்தது.

அவர் கண்ணை மூடினார். தேடினார். வகுப்பு, விரித்த பாய்கள், வரிசை வரிசையாக வளைந்த முதுகுகள். எல்லாம் வந்தது. எதிலும் சத்தம் இல்லை.

"ஒரு தடவை பேசினாங்க," என்றார் திடீரென்று.

"எப்ப?"

"சேந்த முதல் நாளுங்க. வாசல்ல வந்து நின்னு, 'மாஸ்டர், எனக்கு...'ன்னு ஆரம்பிச்சாங்க."

"எனக்கு?"

"அவ்வளவுதானுங்க."

"ஏன் அவ்வளவுதான்?"

சென்னியப்பன் வலது கையை மெல்ல உயர்த்தினார். மண் ஒட்டிய ஆள்காட்டி விரல் உதட்டின் மேல் வந்து நின்றது. பிறகு அதே விரல் விலகி, அங்கே இல்லாத ஒரு சுவரை, அதில் தொங்காத ஒரு பலகையைச் சுட்டிக் காட்டியது.

முகத்தில் ஒரு புன்னகையும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய புன்னகை. வந்த வேகத்தில் அது உடைந்தது.

கிளிச்சாமி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு வார்த்தை எந்தக் குரல்ல இருந்துச்சு?"

"ஞாபகம் இல்லீங்க."

தென்னை மரத்தின் மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கரைந்தது. வழக்கமாகக் கிளிச்சாமி பதில் சொல்வார். அது இன்னொரு தடவை கரைந்து பார்த்தது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. பறந்து போனது.

"சாமி..."

கிளிச்சாமி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தலையை ஆட்டினார்.

"இந்தக் குரல் எனக்கு வரலை சென்னி."

எழுந்து, கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி, மடித்து, அவர் தோளில் போட்டார்.

"போய் வாங்கிட்டு வா."

*

மத்தியான பஸ்ஸில் கோபியில் வந்து இறங்கினார். வழி கேட்டுக் கேட்டு அந்தத் தெருவைக் கண்டுபிடித்தார். எலுமிச்சை மரம் இருந்ததால் வீடு தெரிந்துவிட்டது.

உள்ளே ஒரு பெண் குரல் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. வெண்கலக் குரல். தெருமுனை வரைக்கும் கேட்டது.

"ஏனுங்க, பாலை அடுப்புல வச்சுப்போட்டு அங்க ஆருகிட்டக் கதை பேசிட்டிருக்கீங்க! பொங்கி வழியுது! நான் எந்திரிச்சு வரட்டுமா? வந்தேன்னா தெரியும்!"

"வாறேன் புள்ளை, வாறேன். கத்தாதே," என்று ஓர் ஆண் குரல் கெஞ்சியது.

சென்னியப்பன் வாசலில் நின்று ஒரு நிமிஷம் அந்தக் குரலையே கேட்டார். பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும் என்று நினைத்தார். கதவைத் தட்டினார்.

நாச்சிமுத்து கரித்துணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அடடே, வாங்க, வாங்க! ஏ மயிலா, ஆரு வந்திருக்காங்கன்னு பாரு! மாஸ்டர்!"

வெண்கலக் குரல் சட்டென்று நின்றது.

வாயைப் பொத்தினது போல நின்றது. வீடு முழுக்க அந்த வகுப்பின் அமைதி வந்துவிட்டது.

மயிலாத்தாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடுப்பிலிருந்து மார்பு வரை பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். முகம் சுருங்கியது. சத்தம் வரவில்லை. கைகளைக் கூப்பினாள். கண்ணாலேயே நாற்காலியைக் காட்டினாள்.

"எந்திரிக்காதீங்கம்மா. படுங்க. படுங்க."

"அவளுக்கு உங்களைப் பாத்ததே பாதித் தெம்புங்க," என்றார் நாச்சிமுத்து. "தினமும் ஒரே பாட்டு. வகுப்பு தொறந்துட்டாங்களா, தொறந்துட்டாங்களான்னு. வந்து ஓரமா உக்காந்து மூச்சாவது விட்டுக்கறாளாம்."

மயிலாத்தாள் வெட்கப்பட்டுப் புருஷனைப் பார்த்து முறைத்தாள். அதுவும் சத்தமில்லாமல்.

"நான் கேட்டேனுங்க மாஸ்டர். 'அத்தனை வலி வலிச்சிருக்குது, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா கழுதை?'ன்னு. 'வகுப்புல பேசக் கூடாதுங்க'ங்கறா. 'மாஸ்டர் கை வச்சிருக்காரு, அந்தக் கைக்குத் தெரியாதா'ங்கறா." நாச்சிமுத்து சிரித்தார். "வீட்டுல இவ வாயை மூட ஆளே பொறக்கலைங்க. இப்பக் கேட்டிருப்பீங்களே, பாலுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன். உங்க வகுப்புல ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு இருக்காளாம்னு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நானு."

அடுப்பில் பால் மறுபடியும் சீறியது. நாச்சிமுத்து உள்ளே ஓடினார்.

சென்னியப்பன் நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வலது கை துண்டுக்குள் போகப் பார்த்தது. விடவில்லை. வெளியே எடுத்துத் தன் முழங்காலின் மேலேயே வைத்துக்கொண்டார். ஆட்டுக்குளம்பின் மண் இன்னும் விரல் நகத்தில் இருந்தது.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பஸ்ஸில் ஒரு வாசகம் கட்டி வைத்திருந்தார். அழகான வாசகம். தேன் தடவின மாதிரி இருந்தது. அதை விழுங்கினார்.

"அம்மா."

மயிலாத்தாள் அவரைப் பார்த்தாள்.

"முதல் நாள் வகுப்பு வாசல்ல நின்னு, 'மாஸ்டர், எனக்கு'ன்னு ஆரம்பிச்சீங்க. நான் முடிக்க விடலை." "அதுக்கப்புறம் என்னம்மா?"

மயிலாத்தாள் உதட்டைப் பிரித்தாள். மூடிக்கொண்டாள். அவர் உதட்டைப் பார்த்தாள். முழங்காலின் மேலிருந்த விரலைப் பார்த்தாள். பிறகு, பெல்ட்டுக்குள் திரும்ப முடியாத உடம்போடு கண்ணை மட்டும் உருட்டி, வீட்டின் நான்கு சுவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு சுவரில் காலண்டர் இருந்தது. ஒரு சுவரில் கல்யாணப் போட்டோ. மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை.

தெருமுனை வரைக்கும் கேட்ட அந்தக் குரல், கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கி வரக்கூடத் தெம்பில்லாமல் வந்தது.

"பேசலாமுங்களா, மாஸ்டர்?"